ஆதிப் பிரபஞ்சத்தின் ஒலி அலையைத் தேடப் போலித் திரள் பட்டியல் தயாரிக்கும் முறை

விண்மீன் திரள்களின் பரவலில் ஆதிகால ஒலி அலையின் தடத்தைத் தேடுபவர், உண்மையான தரவைத் தொடுவதற்கு முன், விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு பிரபஞ்சத்தைக் கணினியில் உருவாக்கி, தம் நிரல் அந்த விடையைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இப்படி உருவாக்கும் பட்டியலைப் போலிப் பட்டியல் என்போம். இதைத் தயாரிக்கும் வழிகளுள், 1991இல் கோல்ஸும் ஜோன்ஸும் விரித்துரைத்த மடக்கை இயல்நிலைப் புலத்தை (மடக்கை எடுத்தால் இயல்நிலைப் பரவலாக அமையும் அடர்த்திப் புலத்தை) அடிப்படையாகக் கொண்டது மிக எளியது; சாதாரண மடிக்கணினியே இதற்குப் போதும்.

தேடும் தடம் எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை ஒளியும் சாதாரணப் பருப்பொருளும் ஒரே பாய்மமாகப் பிணைந்திருந்தன. அடர்த்தி மிகுந்த ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒலி அலையொன்று ஒளியின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேலான வேகத்தில் பரவியது. அணுக்கள் உருவாகி ஒளி பிரிந்து சென்றதும் அலை நின்றுவிட்டது. அது கடந்திருந்த தொலைவு, பிரபஞ்சம் விரிந்ததால் நீண்டு, இன்றைய அளவில் சுமார் 147 மெகாபார்செக், அதாவது ஏறத்தாழ 48 கோடி ஒளியாண்டுகள். திரள்களின் சோடிகளை எண்ணினால் இந்தத் தொலைவில் மட்டும் ஒரு சிறு புடைப்பு தென்படும். சோடிகளின் மிகுதி அங்கே சுமார் 1 விழுக்காடுதான் என்பதால், 2005இல்தான் ஸ்லோன் என்ற வானக் கணக்கெடுப்பின் 46,748 செந்திரள்களை (ஒளிமிகு சிவப்புத் திரள்களை) கொண்டு 3.4 திட்ட விலக்க அளவில், அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத அளவில், அதைக் காண முடிந்தது. அதே ஆண்டில் 2டிஎஃப் என்ற இன்னொரு வானக் கணக்கெடுப்பின் குழுவினரும் திறன் நிறமாலையில் (எந்த நீள அளவில் எவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ளது என்று காட்டும் வரைவில்) அதைக் கண்டனர்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. அண்டவியல் நிரல்களில் நீளம் பெரும்பாலும் ஹப்பிள் மாறிலியை, அதாவது பிரபஞ்சம் விரியும் வீதத்தைச் சார்ந்த அலகில் வரும், 147ஐ 0.68ஆல் (அம்மாறிலியை 100ஆல் வகுத்த மதிப்பால்) பெருக்கினால் அந்த அலகில் சுமார் 100 கிடைக்கும். நான் தொடக்கத்தில் அந்த அலகிலேயே 147இல் புடைப்பைத் தேடி இரண்டு நாள்களை வீணாக்கினேன். கீழே வரும் நீளங்கள் அனைத்தும் ஹப்பிள் அலகில் அமைந்தவை.

பக்கத்துக்கு 1000 மெகாபார்செக் கொண்ட கனசதுரப் பெட்டியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் 256 பங்காகப் பிரியுங்கள். மொத்தம் 1 கோடியே 67 லட்சம் அறைகள் கிடைக்கும். ஓர் அறையின் பக்கம் 3.9 மெகாபார்செக் என்பதால், 100 மெகாபார்செக் அளவிலான புடைப்புக்கு இது போதிய நுணுக்கம். 512க்குப் போனால் நினைவகத் தேவை எட்டு மடங்காகும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

அடுத்து, கேம்ப் (CAMB) அல்லது கிளாஸ் (CLASS) என்ற அண்டவியல் நிரலைக் கொண்டு செம்பெயர்ச்சி 0.5க்கான (ஒளி விரிவால் நீண்ட அளவைக் கொண்டு குறிக்கும் காலகட்டத்துக்கான) நேரியல் திறன் நிறமாலையைப் பெற்று, செந்திரள்கள் பருப்பொருளைவிடச் சுமார் இரண்டு மடங்கு கூடுதலாகக் கொத்துக்கொத்தாக அமைவதால், அதை 4ஆல் பெருக்குங்கள். கூடவே, 1998இல் ஐசன்ஸ்டைனும் ஹூவும் தந்த சூத்திரத்தின்படி, ஒலி அலையின் அலைவுகள் நீக்கப்பட்ட வழவழப்பான நிறமாலை ஒன்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பலர் தவிர்த்துவிடும் இந்த இரண்டாவது நிறமாலைதான் பின்னால் மிகவும் உதவப் போகிறது.

இனி வருவது இம்முறையின் மையப்பகுதி. கட்டவலையின் ஒவ்வோர் அலையெண்ணிலும் நிறமாலையின் மதிப்பை இட்டு, அதை ஓர் அறையின் கன அளவால் வகுத்து, தலைகீழ் ஃபூரியர் உருமாற்றம் (அலைகளைக் கூட்டிப் புலமாக்கும் கணக்கு) செய்தால் ஒட்டுறவுச் சார்பு, அதாவது ஒவ்வொரு தொலைவிலும் சோடிகள் எவ்வளவு மிகுந்துள்ளன என்ற அளவு, கிடைக்கும். அதனுடன் 1ஐக் கூட்டி இயல் மடக்கை எடுத்து, மீண்டும் நேர் உருமாற்றம் செய்யுங்கள். சில அலையெண்களில் விடை எதிர்மறையாக வரலாம், அவற்றைப் பூச்சியமாக்கிவிடலாம். பின்னர் ஒவ்வோர் அறைக்கும் சராசரி 0, பரவற்படி (சிதறலின் அளவு) 1 உடைய இயல்நிலைச் சமவாய்ப்பு எண்ணை இட்டு, உருமாற்றி, சற்றுமுன் கிடைத்த விடையின் வர்க்கமூலத்தால் பெருக்கித் திரும்ப உருமாற்றினால் இயல்நிலைப் புலம் தயார். கன அளவால் வகுப்பது தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் என்பதைக் கவனியுங்கள். புலத்தின் நிறமாலையை அளந்து, இட்டதோடு ஒப்பிடும்போது சுமார் 248 மடங்கு வேறுபாடு வந்தால், அது இரண்டு பையின் முப்படி. எங்கோ உருமாற்ற மரபு மாறியிருக்கிறது என்று பொருள்.

இந்தப் புலத்திலிருந்து அதன் பரவற்படியில் பாதியைக் கழித்து, அடுக்குக்குறிச் சார்புக்கு உள்ளாக்கினால், எங்கும் எதிர்மறையாகாத, சராசரி 1 உடைய அடர்த்தி கிடைக்கும். கழிக்கும் பரவற்படி, எதிர்மறை மதிப்புகளைப் பூச்சியமாக்கிய பிறகு கணக்கிட்டதாக இருக்க வேண்டும். பெட்டிக்கு 3 லட்சம் திரள்கள் என்று வைத்துக்கொண்டால் ஓர் அறைக்குச் சராசரி 0.018, அடர்த்தியை இதனால் பெருக்கி, பாய்சான் பரவலின்படி ஒவ்வோர் அறைக்கும் முழு எண் ஒன்றைத் தெரிந்து, அத்தனை திரள்களையும் அறைக்குள் சமவாய்ப்பு இடங்களில் வையுங்கள்.

அளப்பதற்குக் கார்ஃபங்க் போன்ற சோடி எண்ணும் நிரல் இருக்கிறது. 150 மெகாபார்செக் வரை சுமார் 64 கோடி சோடிகள் வரும் என்பதால், நீங்களே எழுதும் இரட்டைச் சுழற்சி நிரல் இதற்கு உதவாது. பெட்டியின் விளிம்புகள் ஒன்றோடொன்று இணைவதால் சமவாய்ப்புச் சோடிகளின் எண்ணிக்கையைச் சூத்திரத்தாலேயே பெறலாம். சமவாய்ப்புப் புள்ளிகளை உருவாக்கி அவற்றோடு ஒப்பிடும் லாண்டி–சலாய் மதிப்பீடு உண்மையான வானத்தின் ஒழுங்கற்ற எல்லைகளுக்குத்தான் தேவைப்படும்.

முதல் பெட்டியில் புடைப்பு சரியாகத் தெரியாமல் போகலாம், அல்லது 92இலோ 108இலோ நிற்கலாம். இது பெரும்பாலும் பிழையன்று; இப்பெட்டியின் கன அளவு 2005ஆம் ஆண்டு ஆய்வின் கன அளவைவிட அதிகம் பெரிதில்லை, ஆகவே இரைச்சலும் அந்த அளவுக்கு இருக்கும். இங்கேதான் வழவழப்பான நிறமாலை கைகொடுக்கிறது. ஒரே விதை எண்ணை (சமவாய்ப்பு எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணை) கொண்டு இரண்டு நிறமாலைகளுக்கும் புலங்களை உருவாக்கி, அவற்றின் ஒட்டுறவுகளைக் கழித்தால், பொதுவான இரைச்சலின் பெரும்பகுதி நீங்கி, 100க்கு அருகில் புடைப்பு மட்டும் துலக்கமாக எழுந்து நிற்கும். கழித்தலைப் பாய்சான் தெரிவுக்கு முன், அடர்த்திப் புலத்திலேயே செய்யுங்கள். பாய்சான் எண்கள் இரு பெட்டிகளிலும் வெவ்வேறாக விழுவதால், விதை எண் ஒன்றாக இருந்தும் அந்த இரைச்சல் நீங்காது. அந்தக் கோட்டைத் திரையில் பார்த்த பிறகே என் நிரலின் மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு விதை எண்ணை மாற்றி நூற்றுக்கணக்கான பெட்டிகளை உருவாக்கி உடன்மாறுபாட்டு அணியை (வெவ்வேறு தொலைவுகளின் பிழைகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்ற அட்டவணையை) கணக்கிடலாம். குறைந்த பெட்டிகளிலிருந்து கிடைக்கும் அணியின் நேர்மாறு பிழைகளைக் குறைத்துக் காட்டும் என்பதால், அந்த நேர்மாறை ஹார்ட்லாப் திருத்தம் என்ற காரணியால் பெருக்க வேண்டும்: 30 தொலைவுப் பிரிவுகளுக்கு 100 பெட்டிகள் மட்டும் இருந்தால் அந்தக் காரணி 0.69, 1000 பெட்டிகள் இருந்தால் 0.97. இந்த இரு எண்களைப் பார்த்தாலே எத்தனை பெட்டிகள் வேண்டும் என்பது விளங்கும்.

இம்முறையின் வரம்பையும் மறைக்கக் கூடாது. ஈர்ப்பினால் திரள்கள் நகர்ந்து புடைப்பு மங்குவதை இது தானாகக் காட்டாது. சோடிகளுக்குப் பதில் மும்மூன்று திரள்களாக எண்ணும் மூன்று புள்ளி ஒட்டுறவும் உண்மைக்குப் பொருந்தாது. நிரலைச் சோதிக்கவும் பிழைகளை மதிப்பிடவும் இதை நம்பலாம். புடைப்பு நுண்ணளவில் இடம்பெயர்கிறதா என்று அறிய, துகள்களின் ஈர்ப்பை முழுமையாகக் கணக்கிடும் உருவகப்படுத்தலே வேண்டும். அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் 5000 ஒளியிழைகளோடு இயங்கும் டெசி போன்ற நிறமாலைக் கருவிக்கு, நெருங்கிய திரள்களுக்கு இழை கிடைக்காமல் போவதையும் போலிப் பட்டியலில் புகுத்தியாக வேண்டும்.

கடைசிச் சோதனைக்கு இன்னொருவர் துணை தேவை. ஒலியின் தொலைவை 100இலிருந்து 3 விழுக்காட்டுக்குள் தம் விருப்பப்படி மாற்றிய நிறமாலை ஒன்றை அவர் தரட்டும். எண்ணை உங்களிடம் சொல்ல வேண்டாம். நூறு பெட்டிகளை அளந்து, சராசரியையும் பிழையையும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு அவருடைய எண்ணைக் கேளுங்கள்.