மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனுச் செய்வது எப்படி: தமிழ்நாட்டில் சான்றிதழ் முதல் வங்கிக் கணக்கு வரை

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாத உதவித்தொகை இரண்டு துறைகளின் வழியாக வழங்கப்படுகிறது என்பதும், ஒருவர் அவற்றுள் ஒன்றில் மட்டுமே பயன்பெற முடியும் என்பதும் பலருக்கு மனு நிராகரிக்கப்பட்ட பிறகுதான் தெரியவருகிறது. ஆகவே படிவத்தை நிரப்புவதற்கு முன், தாம் தட்ட வேண்டிய கதவு எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

முதலாவது வருவாய்த் துறை வழங்கும் ஓய்வூதியம். வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் பொறுப்பில் இது இருக்கிறது. முதியோர் உதவித்தொகையோடு சேர்த்து இதையும் ஊரில் 'ஓ.ஏ.பி. பணம்' என்றே சொல்வார்கள். 18 வயது நிறைந்து, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள ஏழைகளுக்கு உரிய இத்தொகை 2023 சனவரி முதல் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. (80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள, வறுமைக் கோட்டிற்குக் கீழ் வாழ்பவர்களுக்கான திட்டத்தில் மத்திய அரசின் பங்கு வெறும் 300 ரூபாய், மீதியை மாநில அரசே ஏற்கிறது.)

இரண்டாவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும் இத்திட்டத்திற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் பொதுவானதன்று. 40 விழுக்காட்டுக்குக் குறையாத அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய்ப் பாதிப்பு ஆகியவை உடையவர்களும், வேறு வகைக் குறைபாட்டால் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களும் இதற்குத் தகுதியுடையவர்கள். பார்கின்சன், தண்டுவட மரப்பு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) போன்ற நாள்பட்ட நரம்பியல் நோய்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. எனவே இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பாதிக்கப்பட்டு 50 விழுக்காடு சான்று பெற்ற நாற்பது வயதுக்காரர் வட்டாட்சியர் அலுவலகத்தையும், அறிவுசார் குறைபாடுள்ள பத்து வயதுப் பிள்ளையின் பெற்றோர் நல அலுவலகத்தையும் நாட வேண்டும்.

இரண்டு இடத்திலும் முதலில் பார்க்கப்படுவது மருத்துவச் சான்றில் உள்ள விழுக்காடும், குறைபாட்டின் வகைப் பெயருமே. மற்றத் தாள்களில் உள்ள பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். சான்றில் 40-க்குப் பதிலாக 35 என்று விழுந்துவிட்டால் எந்த அலுவலராலும் அதைத் தாண்டி எதுவும் செய்ய இயலாது. இந்த எண் மருத்துவரின் மனம்போன போக்கில் வருவதன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளுக்கும் அளவிடும் முறைகள் வகுக்கப்பட்டு, 2018 சனவரியில் அரசிதழில் வெளியிடப்பட்டன. அவற்றின்படி ஒரு கண் நன்றாக இருந்து மற்றக் கண்ணில் மட்டும் பார்வை முழுவதும் போனவருக்கு 30 விழுக்காடுதான் கிடைக்கும். அதே போல, ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் அவற்றை நேராகக் கூட்டுவதில்லை: பெரிய விழுக்காட்டை 90-லிருந்து கழித்து, வந்த மீதியைச் சிறிய விழுக்காட்டால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, அதைப் பெரிய விழுக்காட்டோடு சேர்க்கிறார்கள். 40-உம் 30-உம் சேர்ந்தால் 70 வராது, சுமார் 57 வரும். ஆயினும், காலில் ஊனமும் செவித்திறன் குறைவும் உள்ள ஒருவர் காலை மட்டும் காட்டிவிட்டு வந்தால் அந்தக் கூடுதல் விழுக்காடு அவருக்குக் கிடைக்காமலே போகும். ஆகவே எல்லாக் குறைபாடுகளையும் தொடக்கத்திலேயே சொல்லி, தொடர்புடைய எல்லாச் சிறப்பு மருத்துவர்களிடமும் பரிசோதனை கேட்பது நலம்.

சான்றுக்கான மருத்துவ மதிப்பீடு பெரும்பாலும் அரசு மருத்துவமனையில் குறிப்பிட்ட கிழமைகளிலும், அவ்வப்போது நடத்தப்படும் முகாம்களிலும் நடைபெறுகிறது. கிழமை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுவதால், நல அலுவலகத்தில் கேட்டறிந்துகொண்டு செல்லவும். பழைய அறுவைச் சிகிச்சைத் தாள்கள், ஊடுகதிர்ப் படங்கள், செவித்திறன் அல்லது அறிவுத்திறன் பரிசோதனை முடிவுகள், மனநலப் பாதிப்பாயின் தொடர் சிகிச்சைச் சீட்டுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோனால், 'பரிசோதனை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள்' என்று திருப்பி அனுப்பப்படுவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். உடன் செல்பவர், அன்றாடம் அவரைக் குளிப்பாட்டி உடுத்தி உணவூட்டுகிறவராக இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து காரோடு வந்த மாமாவால் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாது. இங்கே நம் குடும்பங்களின் ஒரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னிலையில் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், 'அவனே எல்லாம் செய்துகொள்வான் சார்' என்று தாய்மார் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெருமை புரிந்துகொள்ளத்தக்கதே என்றாலும், மதிப்பீட்டு அறையில் அது உண்மையைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். எதற்கெல்லாம் இன்னொருவர் கை தேவைப்படுகிறது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அப்படியே கூறினால் போதும்.

2021 சூன் முதல் சான்றும் அடையாள அட்டையும் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தின் வழியாகவே வழங்கப்படுகின்றன. 'ஸ்வாவ்லம்பன்' என்ற பெயரிலுள்ள அத்தளத்தில் நாமாகவே பதியலாம், இ-சேவை மையத்திலும் பதியச் சொல்லலாம். அட்டையில் 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம் என்று நிறம் குறிக்கப்படும். பழைய தேசிய அடையாள அட்டைப் புத்தகம் வைத்திருப்பவர்கள், அதைக் காட்டி இந்த அட்டைக்கும் பதிந்துகொள்ள வேண்டும். சான்று கையில் வந்ததும் அது நிரந்தரச் சான்றா, தற்காலிகச் சான்றா என்று பார்க்கவும். சிறு பிள்ளைகளுக்கும், நிலை மாறக்கூடியவர்களுக்கும் காலவரம்போடு தரப்படும் சான்றை உரிய நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் தொகை நின்றுவிடக்கூடும்.

இணையதளத்தில் பதியும்போது சிக்கல் எழுவது பெயரின் தலைப்பெழுத்தில்தான். ஆதாரில் தந்தையின் எழுத்து முன்னால் நிற்கும், வங்கிப் புத்தகத்தில் பின்னால் நிற்கும், திருமணமான பெண்ணுக்குக் குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து வந்திருக்கும். கணினிக்கு இம்மூவரும் மூன்று வேறு ஆட்கள். எனவே மருத்துவ மதிப்பீட்டுக்குச் செல்வதற்கு முன்பே ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்கிவிட வேண்டும். சான்றில் தவறாக ஏறிய பெயரைத் திருத்த மறுபடியும் அலைய நேரிடும்.

சான்று கிடைத்த பிறகு மனுக் கொடுப்பது எளிது. சான்று அல்லது யுடிஐடி அட்டை, ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களும் புகைப்படமும் தேவைப்படும். மூலத் தாள்களைக் காட்டலாமே தவிர, எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். வருவாய்த் துறைக்கான மனுவை இ-சேவை மையத்தில் பதிவு செய்து ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளவும். பின்னர் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரணை செய்து, குடும்பத்தின் சொத்து, வருமானம், ஆதரவளிக்கக்கூடியவர் உண்டா என்பன பற்றி அறிக்கை தருவார்கள். அவர்கள் வரும்போது வீடு பூட்டிக் கிடந்ததால் 'ஆள் இல்லை' என்று எழுதப்பட்ட மனுக்களும் உண்டு. மனுவில் எப்போதும் எடுக்கப்படும் கைப்பேசி எண்ணைக் கொடுப்பதே இதற்கு வழி.

மாதங்கள் சென்றும் பதில் இல்லையென்றால், திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டு மனுக் கொடுக்கலாம். 1100 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறவும். காரணம் விழுக்காடாக இருப்பின் உதவித்தொகை அலுவலகத்தில் வாதாடிப் பயனில்லை. சான்று வழங்கிய முடிவை எதிர்த்து 90 நாட்களுக்குள் அதற்கென நியமிக்கப்பட்ட மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிட, உரிமைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் இடமுண்டு. முறையீட்டோடு, கணக்கில் எடுக்கப்படாத பரிசோதனை முடிவு எது என்பதைச் சுட்டிக் காட்டினால்தான் அது வலுப்பெறும்.

தொகை வரத் தொடங்கிய பின்னரும் ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதற்கான சான்றை அளிக்க வேண்டும். முகவரி மாறினால் பழைய அலுவலகத்திலேயே தெரிவித்து மாற்றல் பெற வேண்டும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை 18 வயதை எட்டும்போது, பெற்றோரே ஆனாலும் சட்டப்படி அவர்கள் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்று பெற்று, வங்கிக் கணக்கில் அதைப் பதிந்துவைக்க வேண்டும். பிள்ளைக்குப் பதினேழு நடக்கும்போதே இதற்கான தாள்களைச் சேர்க்கத் தொடங்குவது நல்லது.