ஓரத்தை விட்டு ஒரு மீட்டர்: நெரிசல் சாலையில் சைக்கிள் ஓட்டும் முறை

சைக்கிளில் வேலைக்குக் கிளம்பும் யாருக்கும் வீட்டில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "ஓரமாப் போ." அக்கறையில் சொல்வது. ஆனால் சென்னை மாதிரி ஊரில் பஸ்ஸும் காரும் முழங்கையை உரசிக்கொண்டு போவதற்கு அந்த ஓரமே பெரிய காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

நகரச் சாலையில் ஒரு தடம் சுமார் 3.5 மீட்டர் அகலம். ஹேண்டில்பார் ஏறக்குறைய 60 செ.மீ. சக்கரத்தை ஓரத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி ஓட்டினால் ஹேண்டிலின் வலது நுனி 70 செ.மீ.யில் இருக்கும். மிச்சம் 2.8 மீட்டர். பஸ்ஸின் உடல் 2.6 மீட்டர் வரை வரும், கண்ணாடி அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு சாண்கூட மிஞ்சாது. ஆனால் பின்னாலிருந்து வரும் டிரைவருக்கு, தடம் மாறாமலே புகுந்துவிடலாம் என்றுதான் தோன்றும். அவர் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை, நீங்கள் விட்டிருக்கும் இடம் அவரைக் கூப்பிடுகிறது.

அதே சக்கரம் 1.5 மீட்டரில் இருந்தால் வலது நுனி 1.8 மீட்டருக்கு வந்துவிடும். மிச்சமுள்ள 1.7 மீட்டரில் சின்ன கார்கூட உங்களைத் தொடாமல் போக முடியாதென்று தூரத்திலேயே தெரிந்துவிடும். ஒன்று அடுத்த தடத்துக்கு மாறுவார், இல்லை பின்னால் காத்திருப்பார். பிரிட்டனின் சாலை விதிநூலை 2022 ஜனவரியில் திருத்தியபோது, 30 மைல் வேகம் வரை சைக்கிளைத் தாண்டக் குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும் என்று எழுதினார்கள். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்பது சட்டம். நம் சாலையில் யாரும் அளந்து தரப்போவதில்லை. ஓட்டும் இடத்தை வைத்து நாமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கே ஓட்டுவது

இரண்டு இடங்களை மனதில் வையுங்கள். வழக்கமான இடம், ஓரத்திலிருந்து 1 மீட்டர். நடு இடம், தடத்தின் மையம், அதாவது 1.5 முதல் 1.75 மீட்டர். தடம் அகலமாகவும் சாலை நேராகவும் இருந்தால் முதலாவது போதும். தடம் குறுகும்போது, சந்திப்பு நெருங்கும்போது, ஃப்ரீ லெஃப்ட் (சிக்னலுக்குக் காத்திராமல் இடப்பக்கம் திரும்பும் வழி) வருமுன், வண்டிகள் உங்கள் வேகத்திலேயே ஊரும்போது நடு இடத்துக்கு வாருங்கள். குறுகலான தெருவில் எதிரே வண்டி வரும்போதும் அப்படியே. அந்த நேரத்தில் பின்னால் வருபவர் தாண்ட முயன்றால் இடிபடுவது நீங்கள்தான்.

"ஓரம்" என்பது பிளாட்பாரத்தின் விளிம்பு மட்டுமல்ல. கார்கள் வரிசையாக நின்றால் அவற்றின் வலது பக்கம்தான் ஓரம். கார்க் கதவு திறந்தால் ஏறக்குறைய 1 மீட்டர் வெளியே வரும். ஆகவே ஹேண்டிலின் இடது நுனிக்கும் காருக்கும் 1 மீட்டர், சக்கரக் கணக்கில் 1.3 மீட்டர் விடுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே காலியிடம் இருக்கிறதென்று உள்ளே புகுந்து புகுந்து வெளியே வராதீர்கள். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பின்னால் வருபவருக்கு நீங்கள் திடீரென்று முளைக்கிறீர்கள். நேர்கோட்டில் போகும் சைக்கிளைக் கணித்து ஓட்டலாம், வளைந்து வளைந்து போவதைக் கணிக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு. வண்டிகள் 60 கி.மீ.க்கு மேல் பறக்கும் சென்னையின் ஜிஎஸ்டி ரோடு, ஓஎம்ஆர் போன்றவற்றின் பிரதான பாதையில் நடுவில் நின்று இடம் பிடிப்பதை நாங்கள் சொல்லமாட்டோம். நீங்கள் 18 கி.மீ. வேகத்தில் போனால் பின்னால் வருபவர் விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் உங்களை நெருங்குகிறார். கவனம் ஒரு நொடி தவறினால் பிரேக் போட இடமில்லை. அங்கே சர்வீஸ் ரோடு இருந்தால் அதுதான் வழி. பத்து நிமிடம் கூடுதலாகும் உள்தெரு இருந்தால் இன்னும் நல்லது.

ஓரத்தில் கிடப்பவை

ஓரத்தை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் தரை. மணல், ஜல்லி, மழைநீர் வடிகாலின் கம்பி மூடி, பாதாளச் சாக்கடை மூடி எல்லாம் அங்கேதான். கம்பி மூடியின் இடைவெளி சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் ஒல்லி டயர் அதில் இறங்கிவிடும்.

இவற்றைவிட மோசமானது தார் விளிம்பு. பழைய சாலை மேலேயே புதுத் தார் போட்டால் ஓரத்தில் ஐந்து, பத்து செ.மீ. உயரத்துக்கு ஒரு படி உண்டாகும். பஸ் ஹாரன் அடித்ததும் பதறி இடப்பக்கம் ஒதுங்குகிறவர் அந்தப் படியிலிருந்து கீழே இறங்குகிறார். அதுவரை சேதமில்லை. ஆபத்து திரும்ப ஏறும்போது. படிக்கு இணையாகவே ஓடிக்கொண்டு மெல்ல வலப்பக்கம் திருப்பினால் முன்சக்கரம் ஏறாது, படியின் சுவரை உரசிக்கொண்டே ஓடும். சக்கரம் இடப்பக்கம் மாட்டியிருக்க, உடம்பு ஏற்கெனவே வலப்பக்கம் சாய்ந்துவிட்டிருக்கும். விழுவது தார் மேல், வண்டிகள் வரும் பக்கம். இறங்கிவிட்டால் மேலே ஏறப் பார்க்காதீர்கள். கீழேயே நேராகப் போய், நின்று, சைக்கிளைத் தூக்கி வையுங்கள்.

இடம் மாறும்போது

நடு இடத்துக்குச் சட்டென்று பாயக்கூடாது. 30 மீட்டர் முன்பே தொடங்குங்கள். தாடையை வலது தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் பாருங்கள், வலது கையை நீட்டுங்கள், இன்னொரு முறை பாருங்கள், பிறகு சாய்வாக நகருங்கள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குத் திரும்பிப் பார்த்தால் ஹேண்டிலும் கூடவே திரும்பும். கைகள் விறைத்திருப்பதுதான் காரணம். காலி மைதானத்தில் ஒரு கோட்டின் மேல் ஓட்டி, தோளைத் தளர்த்தித் திரும்பிப் பார்த்துப் பழகுங்கள். ஹேண்டிலின் வலது நுனியில் ஒரு கண்ணாடி மாட்டுவது மிகப் பெரிய உதவி. ஆனால் குவிந்த கண்ணாடியில் வண்டி இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும், கடைசிப் பார்வை கழுத்தைத் திருப்பியதாகவே இருக்கட்டும்.

நம் ஊர்ச் சாலைக்கென்று ஒரு பாடம் உண்டு. நீங்கள் 1.5 மீட்டர் தள்ளி ஓட்டினால் உங்களுக்கு இடப்பக்கம் பைக்குகள் நுழையும். ஆகவே ஓரத்துக்குத் திரும்புமுன் இடது தோள் வழியாகவும் பார்த்தாக வேண்டும். எதிர்த்திசையில் பைக்கில் வருகிறவர்களும் அந்த ஓரத்தைத்தான் பிடித்து வருவார்கள். அவர்களைக் கண்டதும் இடது ஓரத்துக்குப் போனால் நேருக்கு நேர் மோதல். வேகத்தைக் குறையுங்கள், உங்கள் கோட்டிலேயே இருங்கள், அவர் உங்களுக்கு இடப்பக்கமாகப் போகட்டும்.

பெரிய சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப நான்கு தடங்களைக் கடக்க வேண்டியதில்லை. பச்சையில் நேராகப் போய் எதிர்மூலையில் நிறுத்தி, சைக்கிளைத் திருப்பி, அடுத்த பச்சையில் கிளம்புங்கள்.

பஸ்ஸும் தண்ணி லாரியும்

டிரைவர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வண்டியின் இடது முன்மூலை அவருக்குத் தெரியாத இடம். சிக்னலில் நிற்கும் லாரிக்கு இடப்பக்கச் சந்தில் புகுந்து முன்னால் போக ஆசை வரும், போகாதீர்கள். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் உங்களைத் தெரியாது. பின்னாலேயே தடத்தின் மையத்தில் நில்லுங்கள்.

பஸ் உங்களைத் தாண்டிய கையோடு ஸ்டாப்புக்காக இடப்பக்கம் வெட்டும். முன்பாதி தாண்டிவிட்டது, பின்பாதி இன்னும் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. டிரைவர் கணக்கில் நீங்கள் ஏற்கெனவே பின்னால் போய்விட்டீர்கள். இதற்கு ஒரே வழி, முன்கூட்டியே ஸ்டாப்பைக் கவனிப்பது. 50 மீட்டரில் நிழற்குடையும் ஆட்களும் தெரிகிறார்கள், கண்ணாடியில் பஸ் வருகிறது என்றால் மிதிப்பதை நிறுத்தி அதை முன்னால் விடுங்கள். நின்ற பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள், ஆட்கள் ஓடி வந்து இறங்குவார்கள். ஷேர் ஆட்டோவுக்கு ஸ்டாப்பே கிடையாது, கை காட்டுகிற ஆள்தான் ஸ்டாப். ஓரத்தில் ஒருவர் கையைத் தூக்கினால் பிரேக்கில் விரலை வையுங்கள்.

உரசிக்கொண்டு போகும் அந்த நொடி

பார்வை முன்னால் 10, 15 மீட்டரில் இருக்கட்டும். பக்கத்தில் ஓடும் சக்கரத்தைப் பார்த்தால் சைக்கிள் அந்தப் பக்கமே இழுக்கும். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும், பிடி தளர்ந்திருக்கட்டும். பெரிய வண்டியின் காற்று முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். விறைத்த கை அந்த உலுக்கலை அப்படியே சக்கரத்துக்குக் கடத்திவிடும். மிதிப்பதை நிறுத்தாதீர்கள். முன்பிரேக்கைத் தொடாதீர்கள். வண்டி முழுதும் தாண்டும்வரை சட்டென்று கோடு மாறக்கூடாது. 1 மீட்டர் விட்டு ஓட்டியதன் பலன் இப்போதுதான் தெரியும், இடப்பக்கம் மெல்ல நகர அரை மீட்டர் உங்கள் கையிருப்பில் இருக்கிறது. ஓரத்திலேயே ஓட்டியவருக்கு அது இல்லை.

மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் ஓரத்துக்குப் போகவே வேண்டாம், திறந்த மூடி எங்கே என்று தெரியாது. முன்னால் போன வண்டியின் தடத்திலேயே போங்கள். ரிம் பிரேக் (சக்கர வளையத்தைக் கட்டையால் பிடிப்பது) நனைந்தால் உடனே பிடிக்காது, நிறுத்தவேண்டிய இடத்துக்கு முன்பே இரண்டு முறை லேசாக அழுத்தித் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள்.

நடந்த பிறகு

துரத்திப் போய்ச் சண்டை போட வேண்டாம். ஓரமாக நிறுத்தி, பதிவெண், நேரம், இடம், எந்தப் பக்கம் போனது என்பதை உடனே போனில் குறித்துவையுங்கள். பஸ்ஸானால் தட எண்ணும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது, விதியை மீறி முந்துவதையும் 2019 திருத்தம் அதில் சேர்த்திருக்கிறது. அடிபட்டிருந்தால் 108, போலீசுக்கு 100 அல்லது 112.

உரசியிருந்தால் மறுபடி ஏறுமுன் சைக்கிளைப் பாருங்கள். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள், சக்கரம் திரும்பாமல் ஹேண்டில் மட்டும் அசைந்தால், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள், பிரேக் கட்டையில் இடிக்கிறதா என்று பாருங்கள். கை நடுக்கம் நிற்கும்வரை உருட்டிக்கொண்டே நடந்து போங்கள்.