தனியாள் ரோல்பிளேயிங் ஆட்டத்தைத் தொடங்குவது எப்படி

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, உடன் ஆட ஆள் கிடைக்காமல் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் பலர் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தனியாக ஆடுவது அண்மையில் முளைத்த வழக்கமன்று. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு 1974-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், தனியாக ஆடுபவர் பகடை உருட்டியே நிலவறையின் அறைகளையும் வழிகளையும் அமைத்துக்கொள்ளும் அட்டவணைகளை 1975-லேயே வெளியிட்டுவிட்டார். அடுத்த ஆண்டு, டனல்ஸ் அண்ட் டிரோல்ஸ் என்ற விளையாட்டுக்காக ரிக் லூமிஸ் எழுதிய தனியாள் சாகசமும் வந்தது.

குழுவாக ஆடும்போது கேம் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். தனியாக ஆடும்போது அவருடைய இடத்தில் இருப்பது ஆரக்கிள் எனப்படும் அட்டவணை. ஆம், இல்லை என்று விடை வரக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டு, ஆம் என்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று முதலில் மனத்தில் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே பகடையை உருட்ட வேண்டும். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பவர்கள் எந்தப் பூ வந்தாலும் ஏற்றுக்கொள்வதைப் போல, வந்த விடையை மாற்றாமல் ஏற்பதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. பிடித்த விடை வரும்வரை உருட்டிக்கொண்டிருப்பவருக்குத் தாம் ஏற்கெனவே நினைத்து வைத்த கதைதான் திரும்பக் கிடைக்கும்.

முதல் மாலைக்கு டகுமா ஒகாடாவின் அலோன் அமங் தி ஸ்டார்ஸ் என்ற சிறிய விளையாட்டைப் பரிந்துரைக்கிறேன். ஒரு சீட்டுக்கட்டும், ஓர் ஆறுமுகப் பகடையும், ஒரு நோட்டும் போதும். விண்வெளியில் தனியே பயணம் செய்பவராக ஒவ்வொரு கோளிலும் இறங்கிச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டின் இனம் எதைக் கண்டோம் என்பதையும், அதன் எண் எங்கே கண்டோம் என்பதையும் சொல்லும். கண்டதைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போகலாம். தோற்பதற்கு இதில் இடமே இல்லை என்பதால், எழுதிப் பழக்கமில்லாத கை கூச்சமின்றி ஓடத் தொடங்கும்.

அதன் பிறகு ஷான் டாம்கின் 2018-இல் வெளியிட்ட அயர்ன்ஸ்வோர்னுக்கு வாருங்கள். அதன் மின்னூல் இலவசம். இரும்பைத் தொட்டுச் சபதம் எடுக்கும் ஒருவரின் கதை அது. ஓர் ஆறுமுகப் பகடையும் இரண்டு பத்துமுகப் பகடைகளும் தேவைப்படும். பத்துமுகப் பகடை கைவசம் இல்லாவிட்டால், சீட்டுக்கட்டில் ஓர் இனத்தின் ஏஸ் முதல் பத்து வரை எடுத்துக் குலுக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் கலந்துவிடலாம்.

அயர்ன்ஸ்வோர்னில் என் முதல் ஆட்டத்தின் ஒரு காட்சியைச் சொன்னால் முறை விளங்கும். என் கதாபாத்திரம் காணாமற்போன தம்பியைத் தேடி மலையடிவாரக் கிராமம் ஒன்றை அடைகிறாள். கிராமத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன். இருப்பார்கள் என்பதே இயல்பு என்பதால், வாய்ப்பு அதிகம் என்ற வரிசையைத் தேர்ந்தேன். அதன்படி, இரண்டு பத்துமுகப் பகடைகளையும் சேர்த்து ஈரிலக்க எண்ணாகப் படிக்கும்போது நூற்றில் 26 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆம். வந்ததோ 14. ஊர்த்தலைவரிடம் அவள் பேசப்போகும் காட்சியை மனத்தில் முழுவதுமாக ஓட்டி வைத்திருந்தேன். அது அந்த நொடியிலேயே போயிற்று. அவசரமாகக் கிளம்பினார்களா என்று சரிபாதி வாய்ப்பில் கேட்டேன். 83 வந்தது, ஆம். அடுப்பில் பாதி வெந்த கஞ்சியை நானே வைத்தேன். அதற்குப் பகடை தேவைப்படவில்லை.

பிறகு அவள் தடயம் தேடினாள். ஆறுமுகப் பகடையில் 5, அவளுடைய மதிநுட்பத்துக்கான மதிப்பு 2, மொத்தம் 7. எதிர்த்து உருட்டிய இரண்டு பத்துமுகப் பகடைகளில் 4-ம் 9-ம் விழுந்தன. இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி. ஒன்றை மட்டும் மிஞ்சியதால் இது அரை வெற்றி. அப்படி வந்தால் தகவல் கிடைக்கும், ஆனால் அது தேடலைச் சிக்கலாக்கும் என்கிறது விதி. என்ன சிக்கல் என்று சிறிது நேரம் யோசித்தேன். ஊரை விரட்டியவர்களின் காலடித் தடத்தோடு தம்பியின் கையுறையும் கிடக்கிறது என்று எழுதினேன். அவன் கைதியாகப் போனானா, அவர்களில் ஒருவனாகப் போனானா என்பது எனக்கே தெரியாது என்ற நிலையில் அன்றிரவு நோட்டை மூடியபோது கிடைத்த மகிழ்ச்சியை வேறு எந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை.

குறிப்பெடுப்பதில் ஒரு பழக்கத்தை மட்டும் வலியுறுத்துவேன்: கேள்வியையும் எண்ணையும் பென்சிலால் ஓரத்தில் குறித்து, கதையைப் பேனாவால் எழுதுங்கள். பத்து நாள் கழித்துத் திரும்பி வரும்போது, எது பகடை தந்தது, எது நம் கற்பனை என்பது பார்த்தவுடன் தெரியும். ஒவ்வொரு காட்சியையும் சிறுகதையாக எழுத முயல்பவர்கள் மூன்றாம் நாளே களைத்துவிடுகிறார்கள். இரண்டு வரிச் சுருக்கமே பெரும்பாலும் போதும். கதவின் நிறம்வரை ஆரக்கிளிடம் கேட்பதும் தவறு. விடை எப்படி வந்தாலும் கதை திசைமாறும் என்றால் மட்டும் கேளுங்கள். ஆடுவதற்கு முன்பே வரைபடம், அரச வமிசம், ஆயிரமாண்டு வரலாறு என்று உலகத்தைக் கட்டி முடித்துவிட்டால், கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஏற்கெனவே விரும்பும் வேறொரு விளையாட்டு இருந்தால், டானா பிஜியனின் மித்திக்கை அதனுடன் சேர்த்து ஆடலாம். 2003-இல் முதலில் வந்த இம்முறை, எந்த விளையாட்டுக்கும் கேம் மாஸ்டராக நின்று விடை சொல்லும்.

தனியாக ஆடுபவர்களுக்குள் இவ்வளவு கொடுக்கல் வாங்கல் இருப்பது முதலில் வியப்பாகவே இருக்கும். தம் ஆட்டக் குறிப்புகளை அப்படியே பகிர்கிறார்கள். குரல் நடிகரான டிரெவர் டெவால், தாம் தனியாக ஆடுவதையே மீ மைசெல்ஃப் அண்ட் டை என்ற யூடியூப் தொடராக்கியிருக்கிறார். ஆரக்கிளிடம் எப்போது கேட்பது, எப்போது தாமே முடிவெடுப்பது என்பதை அதில் கண்ணால் பார்த்துக் கற்கலாம். விளையாட்டுகளைப் பகிரும் இட்ச் என்ற இணையதளத்தில் கேம் ஜாம் என்ற பெயரில் ஒரு கருப்பொருளும் ஒரு கெடுவும் வைத்துப் பலர் ஒரே சமயத்தில் சிறு விளையாட்டுகளை எழுதுகிறார்கள். ஒகாடாவின் விளையாட்டை அச்சாகக் கொண்டு எத்தனையோ புதிய விளையாட்டுகள் பிறந்திருக்கின்றன. அயர்ன்ஸ்வோர்னின் விதிகளும் பிறர் எடுத்தாள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு அவற்றின் மீது நாமும் கட்டலாம்.

நாமும் எதையாவது தர விரும்பினால் ஆறு வரி அட்டவணை ஒன்றே நல்ல தொடக்கம். தமிழிலேயே எழுதுங்கள். கடைசிப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் யார் என்று தலைப்பிட்டு, ஒன்று விழுந்தால் மடியில் சேவலோடு உறங்கும் முதியவர், இரண்டு விழுந்தால் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லும் அந்நியர் என்று ஆறுவரை நிரப்புங்கள். பகிர்வதற்கு முன் அதை வைத்து நீங்களே மூன்று முறை ஆடிப் பாருங்கள். எந்த வரி விழுந்தபோது அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா நின்றதோ, அந்த வரியை அடித்துவிட்டு வேறொன்றை எழுதுங்கள்.