தீம் அப்புறம், எழுத்து சைஸ் முதல்ல

கோட் எழுதுறப்ப கண்ணு எரியுதுன்னா எல்லாரும் உடனே புது டார்க் தீம் தேட ஆரம்பிச்சுடுறாங்க, என்னைக் கேட்டா அது கடைசி வேலை. மொதல்ல சைஸைப் பாருங்க. விஎஸ் கோட் (கோட் எழுதுற எடிட்டர்) விண்டோஸ்ல 14, மேக்ல 12னு தான் வருது, லேப்டாப்ல அது பொடி எழுத்து. முதுகை நல்லா சாய்ச்சு உக்காந்து, ஸ்கிரீனை ஒரு கை நீளம் தள்ளி வச்சுப் படிங்க, கழுத்து தானா முன்னாடி போச்சுன்னா 16, 17னு ஏத்திடுங்க. அகலம் பத்தலையா, மினிமேப்பை (ஓரத்துல முழு ஃபைலையும் குட்டியா காட்டுற பட்டை) ஆஃப் பண்ணுங்க, அதை யாரு பாக்குறா!

அடுத்து லைன் ஹைட், அதாவது ஒவ்வொரு வரியோட உயரம். செட்டிங்ஸ்ல 0ன்னு இருக்கும், அதுவே கணக்கு போட்டுக்கும்னு அர்த்தம். 1.6னு குடுத்தா எழுத்து சைஸை அதால பெருக்கிக்கும். கோட் நடுவுல தமிழ்ல கமென்ட் (விளக்கக் குறிப்பு) எழுதுறவங்க இதைக் கண்டிப்பா பண்ணுங்க, ஏன்னா ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ, ஃபிரா கோட்ங்கிற கோட் ஃபான்ட் ரெண்டுலயும் தமிழ் எழுத்தே கிடையாது, சிஸ்டம் வேற எங்கிருந்தோ ஒரு ஃபான்ட்டை எடுத்து ஒட்டும், கொம்பும் சுழியும் நெருக்கியடிச்சு நிக்கும். செட்டிங்ஸ்ல ஃபான்ட் ஃபேமிலில கோட் ஃபான்ட்டுக்கு அப்புறம் கமா போட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் பேரையும் சேர்த்துடுங்க (அந்த ஃபான்ட் இன்ஸ்டால் ஆகியிருக்கணும்). அப்பவும் தமிழ் வரி நேர்கோட்டுல அலைன் ஆகாது, விட்டுடுங்க.

ஃபான்ட் நல்லதான்னு பாக்க சைபர், பெரிய ஓ, ஒண்ணு, சின்ன எல், பெரிய ஐ எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல அடிங்க, ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தாலே அது வேணாம். விண்டோஸ்ல எழுத்து மங்கலா தெரிஞ்சா ஸ்டார்ட் மெனுல கிளியர்டைப்னு (எழுத்தைத் தெளிவாக்குற வசதி) தேடி ஒரு தடவை சரி பண்ணிக்கோங்க.

இப்ப தீம். இருட்டு பேக்ரவுண்ட்ல கண்மணி விரியும், அதனால அஸ்டிக்மேட்டிசம் (கண்ணோட வளைவு சீரா இல்லாத பார்வைக் குறை) இருக்கவங்களுக்கு வெள்ளை எழுத்தைச் சுத்தி ஒளி பரவின மாதிரி தெரியும், அவங்களுக்கு லைட் தீம்தான் நல்லா ஒத்துப்போகும். பகல்ல லைட், ராத்திரி டார்க் வேணும்னா சிஸ்டத்தைப் பாத்து தானா மாறுற ஆப்ஷன் இருக்கு. எந்த தீமா இருந்தாலும் கமென்ட் கலர் செத்த சாம்பல்ல இருந்தா கொஞ்சம் தூக்கி விடுங்க. பிரைட்னஸுக்கு ஒரு வெள்ளைப் பேப்பரை ஸ்கிரீன் பக்கத்துல பிடிங்க, ஸ்கிரீன் டியூப்லைட் மாதிரி பளிச்சுனு தெரிஞ்சா குறைங்க.

ஸ்கிரீனைப் பாக்குறப்ப நாம கண் சிமிட்டுறதே குறைஞ்சுடும், எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். 20 நிமிஷத்துக்கு ஒருதரம் 20 அடி தூரத்துல எதையாவது 20 செகண்ட் பாருங்க. 40 தாண்டி புரோக்ரெசிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி) போடுறவங்க மானிட்டரைக் கொஞ்சம் இறக்கி வைங்க, இல்லன்னா நாள் பூரா தாடையைத் தூக்கிக்கிட்டே தான் கோட் படிக்கணும்.