எம்ஜிபி இன்ஜினுக்கு கேம் டைமிங்: புள்ளி போதாது, டிகிரியை அளக்கவேண்டும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜின் அத்துப்படி. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி இன்ஜினும் அதே பி-சீரிஸ் இன்ஜின் குடும்பம்தான். அதனால் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் கிராங்குக்கும் உள்ள இரண்டு ஸ்ப்ராக்கெட் (பல்சக்கர) புள்ளிகளையும் நேர்பார்த்து, செயினை மாட்டி, மூடியைப் பூட்டிவிடுகிறார்கள். பல் மாறவில்லை என்பதற்கு மட்டும்தான் புள்ளி சாட்சி. கேம், ஸ்ப்ராக்கெட், இரண்டையும் பூட்டும் கீ உட்காரும் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஓரிரு டிகிரி பிசகு சேர்ந்தால், புதுச் சாமான் போட்ட இன்ஜினும் இழுக்காது.

முதலில் சரியான டாப், அதாவது பிஸ்டன் ஏறும் உச்சி. ஹெட் கழன்றிருக்கும்போதே முதல் சிலிண்டரின் குறுக்கே துளையிட்ட பட்டை இரும்பை ஸ்டட்டுகளில் பூட்டி, நடுவில் ஒரு போல்ட்டை இறக்குங்கள். பிஸ்டன் டாப்புக்கு முன்பே அதில் தட்டி நிற்கவேண்டும். கிராங்க் கப்பியில் டிகிரி குறித்த தட்டு, பக்கத்தில் அதைக் காட்டும் கம்பி முள். இன்ஜினைக் கையால், மெதுவாக இருபுறமும் தட்டும்வரை சுற்றுங்கள். ஒருபுறம் 24, மறுபுறம் 30 என்றால் முள்ளை 3 டிகிரி நகர்த்தி இரண்டையும் 27 ஆக்குங்கள். அப்போது பூஜ்யம்தான் உண்மையான டாப். பிஸ்டன் உச்சியில் சில டிகிரிக்கு அசையாததுபோலவே இருக்கும். கண்பார்வையில் டாப் பிடிக்க முடியாது.

போல்ட்டை எடுத்துவிட்டு, முன்னாலிருந்து இரண்டாவது டாப்பெட்டில் (கேம் தூக்கும் கிண்ணம்) புஷ்ராடை (வால்வுக்குப் போகும் தள்ளுகம்பி) நிறுத்துங்கள். அதுதான் முதல் சிலிண்டரின் இன்லெட், அதாவது கலவை உள்ளே வரும் வால்வுக்கானது. புஷ்ராடின் தலையில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து, முழு உயரத்தில் பூஜ்யமாக்குங்கள். பிறகு நன்றாகப் பின்னுக்குப் போய், ஓடும் திசையிலேயே வாருங்கள். உச்சிக்கு 0.5 மி.மீ. முன்பு ஒரு டிகிரி, 0.5 மி.மீ. இறங்கியதும் இன்னொன்று குறியுங்கள். 80, 148 வந்தால் நடு 114. நடுவே திசை மாற்றினால் செயின் தொய்வு கணக்கில் புகுந்துவிடும். டென்ஷனரையும் செயினை அழுத்தும்படி விடுவித்துத்தான் அளக்கவேண்டும்.

எம்ஜிபியின் ஸ்டாண்டர்ட் கேமுக்கு இன்லெட் டாப்புக்கு 16 டிகிரி முன்பு திறந்து, பிஸ்டனின் கீழ்முனைக்கு 56 டிகிரி பின்பு மூடும். ஆகவே முழு உயரம் டாப்புக்குப் பின் 110. வேறு கேம் போட்டிருந்தால் அதன் சீட்டில் உள்ள எண்ணே கணக்கு. நம் 114, 4 டிகிரி தாமதம். தாமதமானால் குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும், கியர் இறக்காமல் மேடு ஏறாது.

திருத்தத்துக்கு, கேம் தண்டோடு ஸ்ப்ராக்கெட்டைப் பூட்டும் இடத்தில் போட ஆஃப்செட் உட்ரஃப் கீ (மேல்பாதி ஒருபுறம் தள்ளியிருக்கும் கீ) உண்டு. கேம் அரைவேகத்தில் சுற்றுவதால் கிராங்கின் 4 டிகிரி கேமில் 2 மட்டுமே. கீயில் போட்ட எண் எந்தக் கணக்கு என்று கடையிலேயே கேளுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கீயின் மேல்பாதி கடிகாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருந்தால் கேம் முந்தும். மாற்றிப் போட்டால் தாமதம் இரட்டிக்கும். எனவே கீ போட்டபின் மறுபடி அளந்து, 110 வந்தபின்தான் நட்டை முறுக்கி லாக் வாஷரை மடக்குங்கள்.