கோப்பு தேடும் கருவிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே கோப்பைத் தேடித் திறக்கும் கருவிகளில் எது சிறந்தது என்ற பேச்சு நிரலாளர்களிடையே ஓய்வதில்லை. நியோவிம் எடிட்டரின் டெலஸ்கோப் வேகம், ஈமாக்ஸ் எடிட்டரின் ஹெல்ம் கனம், விஎஸ் கோட் எடிட்டர் ஒன்றே போதும் என்ற முடிவுகளில் பல, முப்பது நாற்பது கோப்புகள் மட்டும் இருக்கும் கோப்புறையில் பத்து நிமிடம் தட்டிப் பார்த்து எடுத்தவை. அந்த அளவில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். மலேசியாவின் பாயான் லெப்பாஸில் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் பதியும் நிரல்) எழுதுபவருக்குப் பல்லாயிரம் கோப்புகள் கொண்ட மூலநிரல் மரம் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவரின் கோப்புறையில் தமிழ், மலாய், ஆங்கிலப் பெயர்கள் கலந்து கிடக்கின்றன. இந்த இருவருக்கும் ஒரே பரிந்துரை பொருந்தாது.

நான்கு எழுத்தைத் தட்டி என்டரை அழுத்துவதற்குள் ஐந்து வேலைகள் நடக்கின்றன. கோப்புப் பட்டியல் எங்கிருந்தோ வர வேண்டும். தட்டிய எழுத்துகள் அதில் எவற்றோடு பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். பொருந்தியவற்றை வரிசைப்படுத்த வேண்டும், திரையில் காட்ட வேண்டும், என்டர் அழுத்தினால் என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். கண்ணில் படுவது காட்சி மட்டும்தான் என்பதால் ஒப்பீடும் அதோடு நின்றுவிடுகிறது. தொல்லை கொடுப்பவை மற்ற நான்கு.

வெவ்வேறு வேலை செய்பவற்றை மோதவிடுவது

ஈமாக்ஸில் வெர்டிகோ, ஐவி, ஹெல்ம், ஐடோ ஆகியவை கீழே இருக்கும் மினிபஃபரில் (உள்ளீடு வாங்கும் சிறு பகுதியில்) ஒரு பட்டியலிலிருந்து தேர்வு செய்ய உதவுபவை. கம்பெனி, கோர்ஃபு இரண்டும் எழுதிக்கொண்டிருக்கும் உரைக்குள்ளேயே சொல்லை நிரப்புபவை. 'வெர்டிகோவா கம்பெனியா' என்று கேட்பதில் பொருளில்லை, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். விம்மிலும் இதே குழப்பம் உண்டு. கட்டளை வரியில் டேப் அழுத்தினால் வருவது வைல்ட்மெனு. எழுதும் நிலையில் கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் கோப்பின் பாதை உரைக்குள் நிரப்பப்படும். எஃப்-இசட்-எஃப் இவை இரண்டிலும் சேராத, கொடுத்த பட்டியலில் தேடித் தரும், தனியாக ஓடும் நிரல்.

கோப்பு வரவில்லை என்றால் தேடலைக் குறை சொல்வது

மிகப் பெரிய தவறு இதுதான். இருக்கிற கோப்பு பட்டியலில் வராதபோது, பொருத்தும் முறை மோசம் என்று கருவியையே மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கோப்பு பட்டியலுக்குள்ளேயே வந்திருக்காது.

எஃப்-இசட்-எஃப்புக்குப் பட்டியலைத் தரும் கட்டளையை நீங்களே குறிப்பிடலாம். தேடல் கட்டளைகளான ரிப்கிரெப்பையோ எஃப்-டியையோ கொடுத்தால், புள்ளியில் தொடங்கும் மறை கோப்புகளும், கிட் (கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் நிரல்) விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியலான கிட்-இக்னோரில் எழுதப்பட்டவையும் விடுபடும். எஃப்-டியில் பெரிய ஹெச் விருப்பம் மறை கோப்புகளைச் சேர்க்கும், பெரிய ஐ விருப்பம் புறக்கணிப்பு விதிகளை நிறுத்தும். விஎஸ் கோடின் கன்ட்ரோல்-பி தேடலும் புறக்கணிப்பு விதிகளை மதிக்கிறது. போதாததற்கு அமைப்புகளில் இருக்கும் இரண்டு விலக்குப் பட்டியல்களையும் அது பார்க்கிறது.

எஃப்-இசட்-எஃப்பின் விம் செருகுநிரலில் ஜிஃபைல்ஸ் என்றொரு கட்டளை உண்டு. அது கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்புகளை மட்டும் காட்டும். காலையில் உருவாக்கி இன்னும் கிட்டில் சேர்க்காத கோப்பு அதில் வராது. ஐவியோடு வரும் கவுன்சல்-கிட்டும் அப்படியே. ஈமாக்ஸின் சொந்த புராஜெக்ட் கட்டளையான கன்ட்ரோல்-எக்ஸ், பி, எஃப் புதிய கோப்பையும் காட்டும், புறக்கணிக்கப்பட்டதை மட்டுமே விடும். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்து ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் இருக்கும்.

விம்மின் கன்ட்ரோல்-பி செருகுநிரலுக்கு இன்னொரு வரம்பு இருக்கிறது. இயல்பமைப்பில் அது 10,000 கோப்புகளோடு நின்றுகொள்ளும், நின்றதாகச் சொல்லவும் சொல்லாது. பெரிய மரத்தில் பாதிக் கோப்புகள் காணாமல் போவது இதனால்தான். மேக்ஸ்-ஃபைல்ஸ் மாறியைப் பூஜ்யமாக்கினால் வரம்பு நீங்கும். பட்டியலை அது தேக்கி வைத்துக்கொள்வதால், புதிய கோப்பு தெரிய எஃப்5 அழுத்த வேண்டும்.

எந்தக் கருவியையும் சோதிக்குமுன் மூன்று கோப்புகளை உருவாக்குங்கள். ஒன்றின் பெயர் புள்ளியில் தொடங்கட்டும், இன்னொன்று கிட்-இக்னோரில் இருக்கட்டும், மூன்றாவது கிட்டில் சேர்க்காததாக இருக்கட்டும். எது வருகிறது, எது வரவில்லை என்று பார்த்தாலே பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

வேகத்தை அளக்கும்போதும் பட்டியல்தான் ஏமாற்றுகிறது. முதல் கருவி வட்டிலிருந்து கோப்பு விவரங்களைப் படிக்கும். இரண்டாவதற்கு அதே விவரங்கள் நினைவகத்தில் தயாராக இருக்கும். ஆகவே எதை இரண்டாவதாகச் சோதித்தாலும் அது வேகமாகத் தோன்றும். ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுங்கள், முதல் முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விம்மின் சொந்த ஃபைண்ட் கட்டளைக்குப் பாதையில் இரட்டை நட்சத்திரம் போட்டிருந்தால், அது இயல்பாக 30 அடுக்கு ஆழம் வரை இறங்கும். திட்டக் கோப்புறைக்குள் நின்று பார்த்தால் சுகமாக இருக்கும். ஹோம் கோப்புறையிலிருந்து அழைத்தால் எடிட்டர் உறைந்துபோனது போல் நிற்கும், அதற்குக் கட்டளையைக் குறை சொல்ல முடியாது.

என்டர் எல்லா இடத்திலும் ஒன்றே என்று நம்புவது

கோப்புறையில் 'பட்டியல்-பழையது' இருக்கிறது, நீங்கள் 'பட்டியல்' என்ற புதிய கோப்பை உருவாக்க நினைக்கிறீர்கள். பெயரைத் தட்டி என்டர் அழுத்தியதும் பழைய கோப்பு திறக்கிறது. புதியது என்று நம்பி எல்லாவற்றையும் அழித்து எழுதிச் சேமித்தால் பழையது போய்விடும். தேர்வுக் கருவிகளில் உண்மையான இழப்பு நேர்வது இந்த இடத்தில்தான். கருவியை நிறுவிய முதல் நாளே, தட்டிய பெயரை அப்படியே ஏற்கச் சொல்லும் விசையைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஐடோவில் அது கன்ட்ரோல்-ஜே. ஐவியில் கன்ட்ரோல்-மெட்டா-ஜே (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை). வெர்டிகோவில் மெட்டா-என்டர். விஎஸ் கோடின் கன்ட்ரோல்-பி இருக்கும் கோப்பைத் திறக்க மட்டுமே, புதிய கோப்புக்கு வேறு கட்டளைக்குப் போக வேண்டும்.

விசையை நினைவில் வைத்தவர்களும் வழுக்குவது, ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது. ஐடோவில் தட்டியதை ஏற்கும் கன்ட்ரோல்-ஜே, ஐவியில் தேர்வில் இருக்கும் கோப்புறைக்குள் நுழைவதற்கு. ஐவியில் கோப்புறையின் மேல் என்டர் அழுத்தினால் உள்ளே போகாது, ஈமாக்ஸின் கோப்புப் பட்டியல் காட்சியான டைரெட் திறக்கும். வெர்டிகோவும் தனியாக விட்டால் அப்படியே. அதோடு வரும் வெர்டிகோ-டைரக்டரி நீட்சியை இயக்கி என்டருக்கு இணைத்தால் உள்ளே நுழையும், பின்னழிப்பு விசை ஒரு முழுக் கோப்புறைப் பெயரை ஒரே தட்டில் நீக்கும். இந்த நீட்சி இல்லாமல் வெர்டிகோவை மதிப்பிடுவது நியாயமில்லை.

ஐடோவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. நடப்புக் கோப்புறையில் பெயர் பொருந்தாமல் நீங்கள் 0.7 விநாடி தயங்கினால், அண்மையில் வேலை செய்த மற்ற கோப்புறைகளில் தேடத் தொடங்கிவிடும். புதுப் பெயரை யோசித்துத் தட்டுபவர் திடீரென வேறு இடத்தில் நிற்பார். ஆட்டோ-மெர்ஜ் தொடர்பான மாறிகளில் லெங்த் என்று முடிவதற்கு -1 மதிப்பு கொடுத்தால் இது நிற்கும்.

பொருத்தும் முறையை ஆங்கிலப் பெயர்களால் மட்டும் சோதிப்பது

நம் ஊர் அலுவலகக் கோப்புகளில் பாதி மலாய்ப் பெயரோடு இருக்கும். பெண்டாஃப்தாரான், பெஞாத்தா, பெங்ஙெசாஹான், பெனெரிமாஆன் என்று பதிவு, அறிக்கை, உறுதிப்பாடு, பெறுதல் எல்லாமே ரோமன் எழுத்தில் பி, இ, என் என்ற மூன்றில்தான் தொடங்குகின்றன. முன்னொட்டை மட்டும் பார்க்கும் டேப் நிரப்பல் இங்கே உதவாது, ஒவ்வொரு முறையும் நான்காவது எழுத்து வரை போக வேண்டும். சிதறிய எழுத்துகளை இணைக்கும் ஃபஸ்ஸி முறையும் மூன்றெழுத்துக்குத் தேவையற்ற குப்பையைக் கொண்டுவரும். சொல்லின் நடுத்துண்டைத் தட்டுவதே வசதி. ஈமாக்ஸில் ஆர்டர்லெஸ், இடைவெளியிட்ட துண்டுகளை எந்த வரிசையிலும் ஏற்கும். எஃப்-இசட்-எஃப்பிலும் இடைவெளி அப்படியே வேலை செய்யும். துண்டின் முன் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் அது சிதறாமல் பொருந்தும், ஆச்சரியக்குறி போட்டால் அந்தத் துண்டு உள்ளவை விலகும்.

ஆர்டர்லெஸ் வைத்திருப்பவர்கள் கோப்புகளுக்கு மட்டும் பார்ஷியல்-கம்ப்ளீஷன் பாணியை அமைப்பது நல்லது. யூ/எஸ்/எல் என்று முதலெழுத்துகளைத் தட்டியே மூன்று கோப்புறை ஆழம் போகலாம்.

தமிழ்க் கோப்புப் பெயர்களைச் சோதிக்காமல் விடுவது

கோப்பு கண்முன் இருக்கும், பெயரைச் சரியாகத் தட்டினாலும் கிடைக்காது. காரணம் ஒ, ஓ, ஔ வரிசை. 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றே சேரலாம், அல்லது ஏகாரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகளில் வேறு.

மேக்கின் பழைய கோப்பு முறைமையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். 2017இல் வந்த ஹை சியராவோடு ஏபிஎஃப்எஸ் நடைமுறைக்கு வந்த பிறகு, கொடுத்த வடிவம் அப்படியே காக்கப்படுகிறது. ஆனால் பழைய வெளி வட்டுகளும் அவற்றிலிருந்து நகலெடுத்த கோப்புகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. லினக்ஸ் பெயரை வெறும் பைட் வரிசையாகவே பார்ப்பதால், ஒரே பெயர் போலத் தோன்றும் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மேக்கில் அஞ்சல் முறையில் தட்டுபவரும் லினக்ஸில் தமிழ்99 தட்டுபவரும் ஒரே களஞ்சியத்தில் வேலை செய்தால் இதை எதிர்பார்க்கலாம்.

சோதிப்பது எளிது. 'கோப்பு' என்ற பெயர் சேர்ந்த வடிவில் 18 பைட், பிரிந்த வடிவில் 21 பைட். பெயரை டபிள்யூசி கட்டளைக்கு அனுப்பி எண்ணிப் பாருங்கள், வரிமுடிவுக்கு ஒரு பைட் கழித்துக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு கான்வ்எம்வி என்ற கருவியில் சேர்ந்த வடிவுக்கு மாற்றும் என்எஃப்சி விருப்பத்தைப் பயன்படுத்தலாம். நோடெஸ்ட் விருப்பம் கொடுக்கும்வரை அது எதையும் மாற்றாமல், மாற்றப் போவதை மட்டும் காட்டும். முதலில் அப்படி ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

உள்ளீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இயங்குதளத்தின் தமிழ் விசைமுறை இயக்கத்தில் இருந்தால், விம்மின் சாதாரண நிலையில் ஜே, கே விசைகள் நகர்த்தாது, தமிழ் எழுத்தைத்தான் அனுப்பும். விசைமுறையை எடிட்டருக்குள்ளேயே வைத்துக்கொண்டால் கட்டளைகள் பிழைக்கும். விம்மில் அதற்குக் கீமேப் அமைப்பு, ஈமாக்ஸில் கன்ட்ரோலும் பின்சாய்கோடும். ஈமாக்ஸில் மினிபஃபருக்குள் நுழைந்ததும் அதை மறுபடி இயக்க வேண்டும், பலர் இதைத் தெரியாமல் தமிழில் தேட முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். கோப்புப் பெயரின் முன்னால் 2025-03 போல ஆண்டும் மாதமும் எண்ணில் இருந்தால், விசைமுறை மாற்றாமலே பட்டியலைப் பெருமளவு சுருக்கிவிடலாம்.

முதல் நாளிலேயே வரிசையை மதிப்பிடுவது

அண்மையில் திறந்தவற்றை மேலே கொண்டுவருவது வரலாறு சேர்ந்த பிறகுதான் தெரியும். ஈமாக்ஸின் ரீசென்ட்எஃப் இயல்பாக 20 கோப்புகளைத்தான் நினைவில் வைக்கும், 200 ஆக்கிவிட்டு ஒரு வாரம் கழித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். வெர்டிகோவுக்கு, வரலாற்றைச் சேமிக்கும் சேவ்ஹிஸ்ட் இயங்காவிட்டால் எடிட்டரை மூடியதும் எல்லாம் மறந்துபோகும்.

பழைய அமைப்பின் மேல் புதியதை ஏற்றுவது

ஐடோ-எவ்ரிவேர், ஐவி, ஹெல்ம் மூன்றும் ஈமாக்ஸின் தேர்வுச் செயல்பாடுகளைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு ஒன்றாக இயங்கினால் சில கட்டளைகளில் ஒன்றும் மற்றவற்றில் இன்னொன்றும் வரும். எந்தக் கருவியின் குறை எது என்று பிரிக்க முடியாது. ஈமாக்ஸ் 29 முதல் இனிட்-டைரக்டரி விருப்பத்தால் தனி அமைப்புக் கோப்புறையோடு தொடங்கலாம். நியோவிம் 0.9 முதல் என்விம்-ஆப்நேம் என்ற சூழல் மாறியும் இதையே செய்யும். விஎஸ் கோடில் தனி ப்ரொஃபைல் போதும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கோப்புறை, உங்கள் உண்மையான திட்டத்தின் நகல் ஒன்று, மேலே சொன்ன மூன்று சோதனைக் கோப்புகள், ஓகாரம் உள்ள ஒரு தமிழ்ப் பெயர், பி, இ, என் என்று தொடங்கும் நான்கைந்து மலாய்ப் பெயர்கள். சோதனைக்கு இவ்வளவு வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் போர்டையோ தொலைவில் உள்ள சர்வரையோ எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொடுபவராக இருந்தால், அந்தச் சோதனையைத் தொலைவிலிருந்தும் ஒரு முறை செய்யுங்கள். தொலைக் கோப்புகளைத் திறக்கும் ஈமாக்ஸின் டிராம்பில் ஒவ்வொரு பட்டியலும் வலையமைப்பில் போய்த் திரும்ப வேண்டும், உள்ளூரில் மின்னலாக இருந்த கருவி அங்கே ஒவ்வொரு கோப்புறைக்கும் நின்று நின்று போகும். தேடல் தொலைக்கணினியிலேயே ஓடும் ஏற்பாடு, அதாவது அங்கேயே திறந்த விம் அல்லது விஎஸ் கோடின் ரிமோட் நீட்சி, இந்த இடத்தில் எந்தத் தேர்வுக் கருவியையும் விட அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.