பழைய ஜீப்ல முன்வீல் பேரிங் அட்ஜஸ்ட் பண்றப்போ செய்யக்கூடாத தப்புகள்

பழைய மஹிந்திரா ஜீப்ப வாங்கி வீட்டு வாசல்லயே வேலை பாக்குற பசங்க இப்போ நெறைய, நல்ல விஷயம்தான். ஆனா முன்வீல் ஹப்புல (வீலுக்கு நடுவுல பேரிங் உக்காந்திருக்குற பாகம்) கை வெச்சா எல்லாரும் ஒரே இடத்துல சொதப்புறாங்க, தொழில் கத்துக்குற காலத்துல நாங்க பட்டறைல திட்டு வாங்குன அதே இடம். ஸ்டாண்ட் போடு, கிரீஸ்ல மண்ணு விழாம பாருன்னு சொல்லி டைம் வேஸ்ட் பண்ண மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். இங்க பேசுறது சிஜே-3பி வகை வண்டிய பத்தி: ஹப்புக்குள்ள ரெண்டு டேப்பர் ரோலர் பேரிங், வெளிய ரெண்டு நட்டு, நடுவுல மடக்குற லாக் வாஷர்.

ஆட்டம் எங்கேருந்து வருதுன்னு பாக்காம நட்ட தொடறது

வீல மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, ஆடுதா? இப்போ ஒருத்தர பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா பேரிங், நிக்கலன்னா கிங்பின் (ஸ்டீயரிங் திருப்புறப்போ வீல் திரும்புற அச்சு). கிங்பின் தேஞ்சதுக்கு ஹப் நட்ட முறுக்கி ஒரு பிரயோஜனமும் இல்ல.

துளி ஆட்டம்கூட இருக்கக்கூடாதுன்னு இறுக்குறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் எரிச்சல். டைட்டா இருந்தா சேஃப்னு நெனப்பு. டேப்பர் பேரிங்ல ரோலர் சாய்வா உக்காந்திருக்கு, நட்ட இறுக்க இறுக்க கோன் (ரோலரோட இருக்குற உள்வளையம்) கப்புக்குள்ள (ஹப்புல உக்காந்திருக்குற வெளிவளையம்) போய் நெருக்கும், வண்டி ஓடி சூடானா இன்னும் நெருக்கும், கிரீஸ் உருகி ஓடும், ரோலர் நீலமாகும், கடைசில கோன் ஸ்பிண்டிலோட (பேரிங் மாட்டியிருக்குற சுத்தாத தண்டு) சேந்து கடிச்சு அதையே அரைக்க ஆரம்பிச்சுடும். பேரிங் செலவு பெருசில்ல, ஸ்பிண்டில் போனா நல்ல ஒரிஜினலுக்கு பழைய இரும்புக் கடை கடையா அலையணும்.

தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ரெண்டு பக்கமும் புது பேரிங் போட்டு, "வீல் ஆடவே இல்லண்ணே"ன்னு பெருமையா சொல்லிட்டு கொல்லிமலை ஏறினான். 70 ஹேர்பின் பெண்டு, பாதி வழிலயே தீயுற வாசன, பிரேக்தான்னு நெனச்சு ஓட்டிக்கிட்டே போயிருக்கான். கீழ கொண்டாந்து பிரிச்சா கோன் ஸ்பிண்டில்ல ஒட்டிப்போய் கிரைண்டர் வெச்சு அறுத்துத்தான் எடுத்தோம். இத்தனைக்கும் அவன் உள் நட்ட சரியாத்தான் செட் பண்ணியிருந்தான். வெளி நட்ட பைப் போட்டு முறுக்கினதுதான் கெடுத்துச்சு.

முறை இதுதான். ஃபிளாஞ்ச் (ஆக்சில் தண்ட ஹப்போட சேக்குற முன்தட்டு) கழட்டியிருக்கணும், பிரேக் ஷூ உரசாம அட்ஜஸ்டர லூஸ் பண்ணிக்கணும், இல்லன்னா உரசுறது பேரிங்கா ஷூவான்னு புரியாது. வீல கையால சுத்திக்கிட்டே உள் நட்ட இறுக்குங்க, வீல் சுத்த கஷ்டப்படுற வரைக்கும், அப்போதான் ரோலர் ஒழுங்கா உக்காரும். அப்புறம் ஆறுல ஒரு பங்கு சுத்து பின்னால விடுங்க, ஆறு முக நட்டுங்கறதால ஒரு முகம்னு கணக்கு. ஆட்டத்த அளக்குற டயல் கேஜ் இருந்தா பொதுவா 0.025லேருந்து 0.125 மில்லிமீட்டருக்குள்ள ஆட்டம் இருக்கும். அதுக்கு மேல லாக் வாஷர், வெளி நட்டு.

இங்கதான் எல்லாரும் கைய தொடச்சுட்டு எந்திரிச்சுடறாங்க! வெளி நட்ட இறுக்குறப்போ அது உள் நட்ட, மரைல இருக்குற லூஸ் அளவுக்கு உள்ள தள்ளும், நீங்க விட்ட ஆட்டம் காணாம போயிடும். அதனால லாக் பண்ணின பிறகு திரும்ப சுத்திப் பாருங்க, ஆட்டிப் பாருங்க. டைட்டா இருந்தா பிரிச்சு உள் நட்ட இன்னும் கொஞ்சம் விட்டு மறுபடி லாக் பண்ணுங்க. ரெண்டு மூணு தடவ பிரிக்கிறது சகஜம், அலுத்துக்காதீங்க.

உளியும் சுத்தியலும்

வேணாம். அந்த நட்டுக்குன்னே பெரிய பாக்ஸ் ஸ்பானர் இருக்கு, வாங்குங்க.

கோன் மட்டும் மாத்தி கப்ப விட்டுடறது

பார்ட் நம்பர் 18590 கோன், 18520 கப், ஜோடியாவே கேளுங்க. தேஞ்ச கப்புல புது ரோலர் ஓடுனா அதுவும் சீக்கிரம் சத்தம் போடும்.

ஹப் நிறைய கிரீஸ் அமுக்குறது

ரோலருக்கு நடுவுல உள்ளங்கையால அழுத்தி ஏத்தினாதான் வேலைக்காகும். ஹப்போட குழிய முழுசா ரொப்பினா சூட்டுல சீல தாண்டி டிரம்முக்குள்ள வந்துடும், அப்புறம் பிரேக் ஒரு பக்கமா இழுக்குதுன்னு வந்து நிப்பீங்க. பழைய கிரீஸ சுத்தமா கழுவிடுங்க, ரெண்டு வகை கிரீஸ் ஒண்ணுக்கொண்ணு சேராம தண்ணியா போற கேஸும் உண்டு.

காத்து அடிச்சு பேரிங்க சுத்த விடறது

ரோலர் தெறிச்சா கண்ணு போயிடும்.

பழைய லாக் வாஷர்

மடக்கினத திரும்ப மடக்குனா உடையும். புதுசு போடுங்க.

ஓட்டிப் பாக்காம விடறது

பிரேக்க அதிகம் தொடாம பத்து கிலோமீட்டர் ஓட்டி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு ஓகே. ஒரு பக்கம் மட்டும் கை வெக்க முடியலன்னா அங்க டைட், உடனே நட்ட லூஸ் பண்ணுங்க. புது கப் போட்டிருந்தா சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒருதடவ ஜாக்கி போட்டு ஆட்டம் பாருங்க, கப் நல்லா உக்காந்து லேசா லூஸ் ஆகியிருக்கலாம்.